மரத்துக்கு இட்ட புள்ளடி யாருக்குச் சொந்தம்?

ஹாபிஸ் நஸீர் அஹமட் அவர்களின் பாராளுமன்ற வாழ்வு மூன்று வருடமும் சில வாரங்களும்தான். 2020 ஓகஸ்ட் 5ஆம் திகதி நடந்த தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் மரச் சின்னத்தில் வென்றார். 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி, கட்சி அவரை நீக்கியது சட்டப்படி செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றோடு ஆசனமும் போனது, சுற்றாடல் அமைச்சர் பதவியும் போனது. அந்த ஆசனத்துக்கு அதே பட்டியலிலிருந்து அலிசாஹிர் மௌலானா அவர்கள் வந்தார்.

அந்த நாட்களில் எமது ஊர்களில் இரண்டு வகையான பேச்சுத்தான் இருந்தது. ஒரு பக்கம், "துரோகிக்குச் சரியான பாடம்". மறுபக்கம், "சமூகத்துக்கு வந்த அமைச்சைச் சமூகமே தட்டிப் பறித்தது". இரண்டு பக்கமும் ஓர் ஆளைப் பற்றித்தான் பேசியது. அந்த ஆசனத்தைப் பற்றி, அதை உண்டாக்கிய வாக்கைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. சூடு ஆறிவிட்ட இந்த நேரத்தில் அதைப் பேசுவது நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில், அவரைப் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை. 2015 பெப்ரவரி முதல் 2017 செப்டெம்பர் வரை கிழக்கு மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். 2016இல் சம்பூர் மகா வித்தியாலய விழா மேடையில் ஒரு கடற்படை அதிகாரியை அவர் ஏசிய காணொளி நாடு முழுக்க ஓடியது. பலருக்கு அவர் என்றால் அது மட்டும்தான் ஞாபகம். ஆனால் அந்த நிருவாகத்தில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் கல்வி அமைச்சராகவும் விவசாய அமைச்சராகவும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைக்க வேண்டும். யுத்தம் முடிந்து ஆறு வருடத்தில், கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் இருந்து ஒரு மாகாணத்தை நடத்தினார்கள். குறைகள் இருந்தன, ஆனாலும் அது சின்ன விடயமல்ல.

அப்படிப்பட்டவர்தான் 2020இல் பாராளுமன்றத்துக்குப் போகிறார். எப்படிப் போனார் என்பது முக்கியம்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். 2020இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு இரண்டு, பிள்ளையானின் கட்சிக்கு ஒன்று, பொதுஜன பெரமுனவுக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று பிரிந்து கிடக்கும் முஸ்லிம் வாக்குகளுக்கு மாவட்டத்தில் கிடைத்தது அந்த ஒரே ஓர் ஆசனம்தான். ஏறாவூரில் இருந்து ஒருவர் போனார் என்று சொல்வது வசதி. ஆனால் ஏறாவூர் வாக்கு மட்டும் அந்த ஆசனத்தைத் தரவில்லை.

தேர்தல் நாளில் வாக்கெடுப்பு நிலையங்களில் கடமை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் எம்மைப் போன்ற ஆசிரியர்களும் அரச ஊழியர்களும்தான். விடியற்காலையில் பெட்டியைத் திறந்து முகவர்களுக்குக் காட்டி முத்திரை வைப்பது முதல், மாலையில் கணக்கு எழுதிக் கையொப்பமிடுவது வரை எமது கையால்தான் நடக்கிறது. வாக்குச் சீட்டில் என்ன ஒழுங்கு? முதலில் கட்சியின் சின்னத்துக்குப் புள்ளடி. பிறகு விரும்பினால் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு. சின்னத்துக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்துக்கு மட்டும் இட்டால் அது ஆசனக் கணக்குக்கு வராது. முதலில் எண்ணப்படுவது மரத்துக்கு விழுந்த வாக்கு. அந்த வாக்கில்தான் ஆசனம் பிறக்கிறது. அதில் யார் உட்காருவது என்பதைத்தான் விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது.

ஆகவே "மக்கள் எனக்குத்தான் வாக்களித்தார்கள்" என்று எந்த எம்.பி. சொன்னாலும் அது பாதி உண்மைதான். "மக்கள் கட்சிக்குத்தான் வாக்களித்தார்கள்" என்று கட்சி சொன்னாலும் அதுவும் பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கே என்பதுதான் இந்தப் பதிவின் விடயம்.

2020 ஒக்டோபர் 22. பாராளுமன்றம் கூடி இரண்டு மாதம்தான். இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஆதரவாக 156, எதிராக 65. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்குத் தேவை 150.

எதிர்க்கட்சி வரிசையில் தெரிவாகி, ஆதரவாக வாக்களித்தவர்கள் எட்டுப் பேர். 156இல் எட்டைக் கழித்தால் 148. எமது ஆறாம் தர மாணவனுக்கும் இந்தக் கழித்தல் தெரியும். அந்த எட்டுக் கைகளும் இல்லாவிட்டால், அன்றைய எண்ணிக்கையின்படி மூன்றில் இரண்டுக்கு இரண்டு வாக்குகள் குறைந்திருக்கும். எட்டில் ஆறு பேர் முஸ்லிம்கள். முஸ்லிம் காங்கிரஸில் நால்வர், அவர்களில் ஒருவர் நஸீர் அஹமட். கட்சித் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிராக வாக்களித்தார், அவரது கட்சிக்காரர்கள் நால்வரும் ஆதரவாக வாக்களித்தார்கள். ஒரு கட்சி இரண்டாகப் பிரிந்து வாக்களித்ததா, அல்லது ஒரு கட்சி இரண்டு பக்கமும் கால் வைத்ததா என்று அன்றே ஊரில் கேட்டார்கள். இன்றுவரை நேரான பதில் கிடைக்கவில்லை.

சமூகத்தின் நன்மைக்காகத்தான் கையை உயர்த்தினோம் என்று சொல்லப்பட்டது. சமூகத்துக்கு அந்நேரம் இருந்த பெரிய வலி எது? ஜனாஸா எரிப்பு. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியோடு கொவிட்டில் மரணித்த எவரையும் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் எரித்தார்கள்.

நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். ஒக்டோபர் 22இல் கை உயர்ந்தது. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான குழந்தையின் ஜனாஸா கொழும்பில் எரிக்கப்பட்டது. நாடு முழுக்க வேலிகளில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது. கட்டியவர்களில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் எல்லோரும் இருந்தார்கள். அடக்குவதற்கு அனுமதி தரும் வர்த்தமானி வந்தது 2021 பெப்ரவரி 25இல். அப்போது ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது, பாகிஸ்தான் பிரதமர் வந்து போயிருந்தார். மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. மையவாடிக்கு நிலத்தைக் கொடுத்தது எமது மாவட்டத்து மக்கள்.

கை உயர்த்தியதற்கும் அனுமதி வந்ததற்கும் இடையில் நான்கு மாதம். அந்த நான்கு மாதத்திலும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வாக்கை விற்றால் பொருளை அன்றே வாங்க வேண்டும். கடனுக்கு விற்றுவிட்டு, பிறகு வேறு யாரோ வாங்கித் தந்ததை எமது பேரத்தின் விலை என்று காட்டுவது எந்தக் கடையிலும் நடக்காது.

இருபதாவது திருத்தத்துக்கு என்ன ஆயுள்? 2022 ஒக்டோபர் 21இல், சரியாக இரண்டு வருடத்துக்கு ஒரு நாள் குறைய, அதே பாராளுமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை மாற்றி இருபத்தோராவது திருத்தத்தை நிறைவேற்றியது. ஆதரவு 179, எதிர்ப்பு 1. இரண்டு வருடத்தில் கழற்றி வீசப்பட்ட ஒரு சட்டத்துக்காகவா எமது சமூகத்தின் ஆறு வாக்குகள் செலவாகின என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

நஸீர் அஹமட் ஆசனத்தை இழந்தது இருபதாவது திருத்தத்துக்காக அல்ல. 2021 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்துக்கு, கட்சியின் தீர்மானத்துக்கு மாறாக ஆதரவளித்தார் என்பதற்காக. பிறகு 2022 ஏப்ரல் 18இல், ஜனாதிபதி கோட்டாபயவின் புதிய அமைச்சரவையில் சுற்றாடல் அமைச்சரானார். அந்த ஏப்ரல் எப்படி இருந்தது என்பது எவருக்கும் மறந்திருக்காது. காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை. அதற்கு முந்தைய மாதம்தான் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையைப் பிற்போட்டார்கள். பழைய அமைச்சர்கள் இராஜினாமாச் செய்துவிட்டு ஓடும் நேரத்தில், ஓட்டை விழுந்த தோணியில் ஏறியவர்களில் எமது மாவட்டத்தின் ஒரே முஸ்லிம் பிரதிநிதியும் ஒருவர். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போனார். ஜனாதிபதி ரணிலின் கீழும் நஸீர் அஹமட்டின் அமைச்சுப் பதவி தொடர்ந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். குடியுரிமைக் கல்விப் பாடத்தில் பிள்ளைகள் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கட்சி மாறினால் எம்.பி. பதவி போகும்தானே, சேர்? அப்படியென்றால் இவ்வளவு பேர் மாறியும் ஏன் போகவில்லை?"

அரசியலமைப்பின் 99(13)ஆவது உறுப்புரை சொல்வது இதுதான். எந்தக் கட்சியின் நியமனப் பத்திரத்தில் ஒருவர் பெயர் இருந்ததோ, அந்தக் கட்சியின் உறுப்புரிமையை அவர் இழந்தால் ஒரு மாதத்தில் ஆசனம் வெற்றாகும். கட்சி நீக்கினால், அந்த ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றம் போகலாம். நீக்கியது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால் ஆசனம் தப்பும்.

"நியமனப் பத்திரம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அம்பாறையிலும் திருகோணமலையிலும் முஸ்லிம் காங்கிரஸ்காரர்கள் 2020இல் கேட்டது சஜித் பிரேமதாசவின் தொலைபேசிச் சின்னத்தில். மட்டக்களப்பில் மட்டும்தான் மரத்தில் கேட்டார்கள். ஆகவே மட்டக்களப்பு உறுப்பினரின் ஆசனத்தின் மீது முஸ்லிம் காங்கிரஸுக்கு நேரடியான சட்டப் பிடி இருந்தது. மற்றவர்கள் விடயத்தில் அந்தப் பிடி வேறொரு கட்சியின் கையில் இருந்தது. இருபதாவது திருத்தத்துக்கு ஒரே நாளில், ஒரே மாதிரிக் கை உயர்த்திய முஸ்லிம் காங்கிரஸ் நால்வரில் மற்ற மூவரும் பாராளுமன்றம் கலையும்வரை இருந்தார்கள். ஒருவர் மட்டும் இடையில் வெளியே போனார். இதைச் சட்டத்தின் வெற்றி என்று சொல்லலாம். ஒழுக்கத்தின் வெற்றி என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று. தனி ஒருவர் தாவினால் கேட்க உறுப்புரை இருக்கிறது. கட்சியே தாவினால்?

2010 ஏப்ரல் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்து, யானைச் சின்னத்தில், மகிந்த ராஜபக்ஷவுக்கு எதிராக வாக்குக் கேட்டது. செப்டெம்பர் 8இல் அதே கட்சி பதினெட்டாவது திருத்தத்துக்கு ஆதரவளித்தது. ஜனாதிபதி எத்தனை முறையும் போட்டியிடலாம் என்று ஆக்கிய திருத்தம் அது. வருட முடிவுக்குள் அரசாங்கத்திலும் சேர்ந்தது. 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் தனித்துக் கேட்டு, அரசாங்கத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசி ஏழு ஆசனம் எடுத்தார்கள். கூட்டமைப்புக்குப் பதினொன்று, ஐக்கிய தேசியக் கட்சிக்கு நான்கு. மூன்றையும் கூட்டினால் முப்பத்தேழில் இருபத்திரண்டு. ஆனால் ஆட்சி அமைந்ததோ பதினான்கு ஆசனம் எடுத்த அரசாங்கக் கட்சியோடு. மரத்துக்குப் புள்ளடி இட்டவரிடம் யாராவது கேட்டார்களா?

அப்போது அது "அதியுயர் பீடத்தின் தீர்மானம்". தலைமை போனால் தீர்மானம், உறுப்பினர் போனால் துரோகம். 2024 நவம்பரில் அதே மட்டக்களப்பில் அதே மரம் ஹிஸ்புல்லாஹ் அவர்களை வேட்பாளராக்கி வென்றது. பல வருடங்களுக்கு முன் அந்தக் கட்சியை விட்டுப் போய், வேறு முகாம்களில் அமைச்சராகவும் ஆளுநராகவும் இருந்து, 2020இல் எதிர்த்தும் கேட்டு, திரும்பி வந்தவர் அவர். திரும்பி வருவதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. போகும்போது ஒரு சட்டமும் வரும்போது ஒரு சட்டமும் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

"அமைச்சு இல்லாமல் என்ன செய்வது? எதிர்க்கட்சியில் இருந்தால் ஒரு பாதையும் வராது, ஒரு கட்டிடமும் வராது" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. கூரை ஒழுகும் வகுப்பறையில் பாடம் நடத்துபவர்களுக்குக் கட்டிடத்தின் அருமை தெரியும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையின் அதிபர், வலயக் கல்வி அலுவலகத்தில் ஏறி இறங்கி, கடைசியில் ஓர் எம்.பி.யின் வாசலுக்குப் போவதும் தெரியும். சிறுபான்மைச் சமூகம் அரசாங்கத்தோடு பேசாமல் வாழ முடியாது.

ஆனால் பேசுவது வேறு, பட்டியலில் பெயர் எழுதிக் கொடுப்பது வேறு. மறைந்த தலைவர் அஷ்ரஃப் அவர்களின் காலத்துக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 1988 ஜனாதிபதித் தேர்தல் நேரம் அவர் பிரேமதாசவோடு பேசியது தனக்கு ஓர் அமைச்சுக்காக அல்ல. ஒரு கட்சிக்கு மாவட்டத்தில் ஆசனம் கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த வாக்கு வீதம் 12.5 ஆக இருந்தது. பதினைந்தாவது திருத்தத்தின் மூலம் அது 5 வீதமாகக் குறைந்தது. அது முஸ்லிம் கட்சிக்கு மட்டும் கிடைத்த சலுகை இல்லை. நாட்டின் எந்த மூலையில் உள்ள சிறிய கட்சிக்கும் கிடைத்தது. அவர் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் சட்டத்தில் நிற்கிறது. பேரம் என்றால் அதுதான். பகிரங்கமாகக் கேட்டு, எழுத்தில் வாங்கி, எல்லோருக்கும் பயன்படுவது.

அமைச்சுப் பதவி அப்படியா நின்றது? 2023 ஒக்டோபரில் ஆசனம் போனதும் சில நாட்களில் சுற்றாடல் அமைச்சு கெஹலிய ரம்புக்வெலவின் கைக்குப் போனது. நஸீர் அஹமட் அவர்கள் 2024 மே மாதம் வடமேல் மாகாண ஆளுநரானார். ஆட்சி மாறியதும் அந்தப் பதவியும் போனது. அமைச்சர் போனார், அமைச்சு வேறு கைக்கு மாறியது, மட்டக்களப்பு அங்கேயேதான் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? புலம்பிவிட்டுப் போவது எமது நோக்கமல்ல. மூன்று விடயங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அரசியலமைப்புத் திருத்தம் வந்தால் அவர் நிலைப்பாடு என்ன, கட்சிக்கு மாறாக அமைச்சுப் பதவி ஏற்பாரா என்று எழுத்தில் கேட்க வேண்டும். பள்ளிவாசல்களின் பெயரில் அல்ல. பள்ளியை எந்தக் கட்சியின் மேடையாகவும் ஆக்கக் கூடாது. ஊரின் பொது அமைப்புகள், விளையாட்டுக் கழகங்கள், மாதர் சங்கங்கள் கேட்கட்டும். கிராமிய வங்கியில் பத்தாயிரம் கடன் எடுப்பவனிடமும் கையொப்பம் வாங்குகிறார்கள். ஐந்து வருட அமானிதத்தை வெறும் வாய்ப்பேச்சில் கொடுப்பது எந்த நியாயம்?

இரண்டு, கட்சிகள். தேர்தலில் சொன்ன பக்கத்துக்கு மாறாக மறுபக்கம் போவதென்றால், அதியுயர் பீடத்தில் சிலர் கூடித் தீர்மானிப்பது போதாது. பேராளர்களைக் கூட்டி, காரணத்தை வைத்து, வாக்கெடுத்துத் தீர்மானிக்க வேண்டும். அப்படிச் செய்யும் கட்சிக்குத்தான் தன் உறுப்பினரை ஒழுக்கம் கேட்கத் தகுதி வரும்.

மூன்று, சட்டம். முன்பு ஓர் ஆசனம் வெற்றானால் இடைத்தேர்தல் வைப்பார்கள். 1964இல் சீ.பி. டி சில்வா தலைமையில் பதின்மூன்றுக்கு மேற்பட்டோர் பக்கம் மாறி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தை ஒரே ஒரு வாக்கால் தோற்கடித்தபோது, சில மாதத்தில் மக்களே தேர்தலில் தீர்ப்புச் சொன்னார்கள். இன்றைய விகிதாசார முறையில் நீக்கப்பட்டவருக்குப் பதில் பட்டியலில் அடுத்தவர் வருகிறார். ஆளைக் கட்சி தீர்மானிக்கிறது, கட்சியை நீதிமன்றம் தீர்மானிக்கிறது, வாக்காளர் வீட்டில் இருந்து செய்தி பார்க்கிறார். 2024 ஓகஸ்டில் ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் ஆசனம் இழந்தபோதும் இதே கதைதான். புதிய அரசியலமைப்பு, புதிய தேர்தல் முறை என்று பேசுகிறவர்கள், கட்சி மாறி வெற்றாகும் ஆசனத்தை மக்களிடமே திருப்பிக் கொடுக்கும் வழியையும் பேச வேண்டும்.

பல பாடசாலைகளில் இப்போது மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. பிள்ளைகள் வேட்புமனுக் கொடுத்து, பிரசாரம் செய்து, இரகசிய வாக்கில் தெரிவாகிறார்கள். "தண்ணீர்க் குழாயைத் திருத்துவேன்" என்று சொல்லி வந்த பிள்ளை திருத்தாவிட்டால், இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தப்பி ஓட இடமில்லை, அதே முற்றத்தில்தான் நாளையும் நிற்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்கும் பழக்கம் பதினெட்டு வயதில் வாக்குரிமை வந்ததும் ஏன் நின்றுவிடுகிறது? தலைவர் வந்தால் மாலை, அமைச்சர் வந்தால் பொன்னாடை, கேள்வி கேட்பவனுக்கு "ஊரைக் குழப்புகிறவன்" என்ற பட்டம். இப்படி இருக்கும்வரை ஆட்கள் மாறுவார்கள், கதை மாறாது.

கிழக்கு மாகாண சபை கலைந்தது 2017 செப்டெம்பரில். தேர்தல் இழுபடுகிறது. அது வரும் நாளில் மரமும் வரும், மயிலும் வரும், திசைகாட்டியும் வரும், வீடும் வரும். யாருக்குப் புள்ளடி இடுவது என்பது அவரவர் விருப்பம், அதில் எமக்கு எந்தச் சொல்லும் இல்லை. வாசலுக்கு வருபவரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "இந்த வாக்கை எங்கே கொண்டு போகப் போகிறீர்கள், திரும்பி வந்து எங்கே கணக்குச் சொல்வீர்கள்?"

பதில் சொல்லத் தயங்குபவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாக்கு வேண்டாம்.